திறன்பலகை அறியாத சுட்டு

வகுப்பறைத் தொழினுட்பத்தை மதிப்பிட என்னை அழைத்திருக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் ஒழுங்கை வீடுகளில் பரவியபோது சிலர் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் யாரென்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அவர்களுக்குத் தேவையற்ற மதிப்பைக் கொடுத்தவளாவேன்.

ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியொன்றில் தமிழ் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கையொப்பத்தோடு வெளியேறிய எவரையும் வகுப்பின் முன் நிற்கத் தெரியாதவர் என்று இதுவரை யாரும் குறை கூறியதில்லை. அந்தப் பெயரை ஈட்டுவதற்கு என் பணிக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. ஆகையால் கல்லூரியின் இப்போதைய பீடாதிபதி வீடு தேடி வந்து, இறுதிக் கற்பித்தற் பயிற்சிக்கு என்னை வெளிப் பரீட்சகராக இருக்கும்படி கேட்டபோது, நான் உடனே சம்மதிக்கவில்லை.

“ஒரே ஒரு பிள்ளைதான், மிஸ்,” என்றார் அவர். “பருத்தித்துறைப் பக்கம். தகப்பன் கடற்றொழில். போன முறை தொழினுட்பப் பாடத்திலை தவறிப்போனா. ரெண்டாம் முறை பாக்கிறதுக்கு வெளியிலையிருந்து ஒராள் வேணும் எண்டு விதி இருக்கு.”

“ஏன் தவறினவ?”

“பாடம் நடக்கேக்கை கரண்ட் போச்சுது. இவ கரண்ட் வருமட்டும் ஒரு கதையும் இல்லாமல் நிண்டிட்டா. பிள்ளையள் பாத்துக்கொண்டு இருந்ததுகள். இந்த முறையும் தவறவிட்டா எண்டால், தொகுதியிலை மற்றவை எல்லாரும் நியமனத்தோடை போயிடுவினம். இவ அடுத்த தொகுதியோடை இருந்து திரும்பவும் தொடங்கவேணும். வீட்டிலை அதுக்கு விடுவினமோ எண்டது சந்தேகம்.”

நான் ஒரு நிபந்தனை விதித்தேன். பரீட்சை நாளுக்கு முன் அந்தப் பிள்ளையின் ஒத்திகைகளை நேரில் பார்க்க வேண்டும். எந்தக் கருவியைக் கொண்டு ஒருவர் மதிப்பிடப்படுகிறார் என்பதை அறியாமல் மதிப்பிடுவது என் வழக்கமன்று. பீடாதிபதி ஒப்புக்கொண்டார்.

முதல் ஒத்திகையை என்னால் மறக்க இயலாது. தகவல் தொழினுட்ப விரிவுரையாளர் வாசலில் வந்து வரவேற்றார். இளையவர், மரியாதை தெரிந்தவர், சற்று விரைவாகப் பேசுபவர். இவரே மற்றப் பரீட்சகர். சுவரில் பெரிய தொலைக்காட்சியைப் போன்ற திறன்பலகை பொருத்தப்பட்டிருந்தது. கைப்பேசியை வாயருகே பிடித்துப் பேசினால், பேசியது அப்படியே பலகையில் எழுத்தாகத் தோன்றும் என்று விளக்கினார். எழுதத் தயங்கும் பிள்ளைகள் தங்கள் சொற்களே எழுத்தாவதைக் கண்டால் வாசிக்க விரும்புவார்கள் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் எனக்குக் குறை தோன்றவில்லை.

பரீட்சைக்குரிய ஆசிரிய மாணவி முன்னே வந்தாள். மெலிந்த பெண். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். அவளுடைய தோழிகள் நான்காம் தரத்துப் பிள்ளைகளாக நடிக்க வாங்குகளில் அமர்ந்தார்கள்.

“பசங்களா, இப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“நாங்க விளையாடப் போறோம், டீச்சர்!” என்றார்கள் தோழிகள். பலகையில் அதே சொற்கள் பிழையின்றி வந்து விழுந்தன.

அது எங்கள் ஊர்ப் பேச்சன்று. நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

“உது ஆற்றை கதை?”

“ரிவி நாடகத்தின்ரை கதை, மிஸ்,” என்றாள் பின்வாங்கில் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

முன்னே நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. “எங்கடை கதை இதுக்கு விளங்காது, மிஸ். ஒருக்காப் பாருங்கோ,” என்று கைப்பேசியை உயர்த்தி, யாரோ அழைத்ததற்குப் பதில் கொடுப்பவள்போல, “ஓம், வாறன்” என்றாள்.

எங்கள் ஊரில் ‘ஆம், வருகிறேன்’ என்பதற்கு எல்லோரும் சொல்லும் சொற்கள் அவை. பலகை ஒரு கணம் யோசித்துவிட்டு, ‘ஓம் வாராகி’ என்று எழுதியது.

“கற்பூரம் கொண்டாங்கோடி!” என்று யாரோ கத்த, வகுப்பு முழுவதும் குலுங்கியது. விரிவுரையாளரும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. வகுப்பறையில் இரண்டு தமிழுக்கு இடம் உண்டென்பது என் கொள்கை. ஒன்று நூலில் எழுதும் தமிழ். மற்றது பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழ். மூன்றாவது ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. இதை அவ்விடத்திலேயே சொன்னேன்.

“மிஸ், அது கருவியின்ரை குறைதான்,” என்றார் விரிவுரையாளர். “ஆனால் அது எங்கடை கதையைப் பழகுமட்டும் நாங்கள் அதுக்கேத்த மாதிரிக் கதைக்கிறதுதானே வழி?”

“தம்பி, கரண்ட் இல்லாத காலத்திலை நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டனாங்கள். அதுக்காக வீட்டிலை செய்தி வாசிக்கிறவரைப் போலை கதைக்கேல்லை.”

அந்த மாணவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மிஸ், சேர், குறை நினையாதேங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் முதலிலை ஒரு முடிவுக்கு வாங்கோ. மிஸ் சொல்லுற மாதிரிக் கதைச்சால் போட் எழுதாது, சேர் மாக்ஸ் போடமாட்டார். சேர் சொல்லுற மாதிரிக் கதைச்சால் மிஸ் வெட்டுவா. நான் ரெண்டு பேரிட்டையும் பாஸ் பண்ண வேணும்.”

துடுக்கான பேச்சு. வேறொரு நாளாக இருந்திருந்தால் கண்டித்திருப்பேன். ஆனால் அவள் கண்களில் துடுக்கு இல்லை. அவளுடைய ஒரு வருடம் முழுவதும் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. ஆகவே நானே எழுந்து சென்று கைப்பேசியை வாங்கினேன். நூலில் எழுதும் தமிழில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, மழைக்காலத்துக் கிணற்றைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். பலகை அதை ஓர் எழுத்தும் பிழையாமல், ழகர றகர வேறுபாடு உட்பட, எழுதிக் காட்டியது. மாணவிகள் கைதட்டினார்கள். என் முகத்தில் நிறைவு தெரிந்திருக்கலாம். அதை மறைக்க நான் முயலவில்லை.

இவ்வாறு இணக்கம் ஏற்பட்டது. பிள்ளைகள் எழுத்துத் தமிழில் முழு வாக்கியம் சொல்வார்கள், பலகை எழுதும், வகுப்பு அதைச் சேர்ந்து வாசிக்கும். அடுத்த வாரங்களில் அவள் அந்தப் பாடத்தைச் செம்மைப்படுத்தினாள். அழிறப்பர் ஒன்றைப் பிள்ளைகளுக்குள் ஒளித்து, அது எங்கே, யாரிடம் என்பதை வாக்கியமாகச் சொல்லவைக்கும் விளையாட்டு அது. மின்சாரம் நின்றால் என்ன செய்வதென்றும் எழுதி வைத்திருந்தாள். தோழிகள் செந்தமிழ்ப் பிள்ளைகளாகக் கச்சிதமாக நடித்தார்கள். பயிற்றுபவர்களாகிய எங்களில் ஒருவருக்கேனும், உண்மையான நான்காம் தரத்துப் பிள்ளை ஒருத்தியை அழைத்து அந்தக் கைப்பேசியில் பேசவைத்துப் பார்ப்போம் என்று தோன்றவில்லை.

பரீட்சைக்குரிய பாடசாலை பருத்தித்துறைக் கரையோரம் இருந்தது. உப்புக்காற்றுக்குப் பயந்து அதிபர் அம்மையார் திறன்பலகையைப் படுக்கை விரிப்பால் போர்த்தி வைத்திருந்தார். அதை அவரே வந்து விலக்கினார். பக்கத்தில் பழைய கரும்பலகையும் இருந்தது. நானும் விரிவுரையாளரும் பின்சுவர் ஓரமாக அமர்ந்தோம். மாணவி எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அதன்பின் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அதை நல்ல தொடக்கமாகக் கருதினேன்.

பாடம் நன்றாகவே நகர்ந்தது. “அழிறப்பர் மேசையின் கீழே இருக்கிறது,” என்றான் ஒருவன், கோயில் மேடையில் பேச்சுப்போட்டிக்கு ஏறியவனைப் போல. பலகை எழுதியது. வகுப்பு வாசித்தது. “அழிறப்பர் புத்தகப் பையினுள் இருக்கிறது,” என்றாள் இன்னொருத்தி. அதுவும் சரியாக வந்தது. விரிவுரையாளர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

விளையாட்டு சூடுபிடித்ததும் பிள்ளைகள் தாங்கள் யாரென்பதை நினைவுகூர்ந்தார்கள். அடுத்த சுற்றில் அழிறப்பரைப் பெற்ற பையன் ஒருவன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கு ஒன்றுமே தெரியாதவன்போல ஆசிரிய மாணவியின் அருகிற் போய் நின்றான். முன்வாங்கில் இரட்டைப் பின்னல் கட்டிய சிறுமி அதைக் கண்டுவிட்டாள். கைப்பேசி அவள் கைக்கு வந்தது. எழுத்துத் தமிழாவது, நிறுத்திச் சொல்வதாவது?

“உவன்தான் எடுத்தவன், ரீச்சர்!” என்று கூவினாள்.

பலகை எழுதியது: ‘இவன்தான் எடுத்தவன் டீச்சர்.’

பலகையில் வருவதைச் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்பது அன்றைய பழக்கம். ஆகவே வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “இவன்தான் எடுத்தவன்!” என்று வாசித்தது. வாசித்துவிட்டு, அத்தனை தலைகளும் சிறுமிக்கு அருகில் அமர்ந்திருந்த பையனை நோக்கித் திரும்பின.

“நான் எடுக்கேல்லை!” என்றான் அவன்.

“போட்டிலை கிடக்கு, நீதான்!”

“கையைக் காட்டடா, கள்ளன்!”

“நான் இவன் எண்டு சொல்லேல்லை!” என்று சிறுமி வாங்கின் மேல் ஏறாத குறையாகக் கத்தினாள். “உவன் எண்டல்லோ சொன்னனான்!”

“போட் இவன் எண்டுதானே எழுதியிருக்கு?”

“போட்டுக்குக் காது செவிடு!”

குற்றஞ்சாட்டப்பட்ட பையன் முகத்தைக் கைகளால் மூடி அழுதான். உண்மையில் எடுத்தவனோ, கைகளைப் பின்னால் கட்டியபடி, இனி என்ன செய்வதென்று அறியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

ஆசிரிய மாணவி அசையாமல் நின்றாள். கருவி தவறிய இடத்தில் சென்ற முறையும் இப்படித்தான் நின்றாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளுடைய பாடக்குறிப்பில் மின்சாரம் நின்றால் செய்ய வேண்டியது எழுதப்பட்டிருந்தது. பலகை பொய் சொன்னால் செய்ய வேண்டியது எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு பரீட்சகர் பரீட்சார்த்திக்காகப் பிரார்த்திப்பது முறையன்று. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திரும்பியபோது அவள் அழுத பையனின் அருகிற் குனிந்திருந்தாள்.

“நீங்கள் எடுக்கேல்லை, ராசா. எனக்குத் தெரியும். போட்தான் பிழை விட்டது.” பின்னர் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தாள். “பிள்ளையள், இவ சொன்னது உவன் எண்டு. உவன் எண்டால் எங்கை நிக்கிறவன்?”

“உங்களுக்குக் கிட்ட நிக்கிறவன், ரீச்சர்,” என்றாள் இரட்டைப் பின்னல்காரி. இதுகூடத் தெரியாதா என்ற வியப்பு அக்குரலில் இருந்தது.

“அப்ப இவன்?”

“எனக்குக் கிட்ட நிக்கிறவன்.”

“அவன் எண்டால்?”

பல கைகள் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. தூரத்தில் படகொன்றின் அருகே ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“அந்தா, தோணியடியிலை நிக்கிறவன்!”

“அவர் எண்டு சொல்லடா! அது என்ரை அப்பா!” என்று ஒருவன் எழுந்தான். அழுதவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் இவன், உவன், அவன் என்று மூன்று சொற்களையும் எழுதினாள். பிறகு, “உந்தப் போட்டுக்கு உவனைத் தெரியாது. அதைச் செய்தவைக்கு ஆரும் சொல்லேல்லைப் போலை. இப்ப நாங்கள் என்ன செய்வம்?” என்றாள்.

“அதுக்குச் சொல்லிக் குடுப்பம், ரீச்சர்!”

திறன்பலகையில் விரலால் அழித்து எழுதலாம். சிறுமி நுனிக்காலில் எழும்பி, இகரத்தை அழித்துவிட்டு, தன் கையால் பெரிதாக ‘உ’ என்று எழுதினாள். வகுப்பு மறுபடி வாசித்தது: “உவன்தான் எடுத்தவன்!” எல்லாத் தலைகளும் சரியான பக்கம் திரும்பின. எடுத்தவன் அழிறப்பரை உயர்த்திக் காட்டினான்.

அதன்பின் பாடம் குறிப்பை விட்டு விலகிச் சென்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ‘உவன்’, ‘உவள்’, ‘உது’, ‘உங்கை’ என்று கைப்பேசியிற் சொன்னார்கள். பலகை ஒவ்வொரு முறையும் தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லை எழுதியது. அவர்கள் பெருங்களிப்போடு அதைத் திருத்தினார்கள். எழுதுவதற்குத் தயங்குபவர்கள் என்று அதிபர் முன்கூட்டிக் குறிப்பிட்டிருந்த பிள்ளைகளும் வரிசையில் நின்றதைக் கண்டேன். மணி அடிக்கும் முன் அவள் சொன்ன வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன்: “போட் எழுதினதை நம்ப முதல், சொன்ன ஆளிட்டை ஒருக்காக் கேக்கவேணும். சரியோ?”

அதிபரின் அறையில் எங்களுக்குப் பிளேன்ரீ வந்தது. பரீட்சைப் புள்ளிகள் இருவரும் உடன்பட்டுப் போட வேண்டியவை. விரிவுரையாளர் கோப்பையைத் தொடவில்லை.

“எனக்கு அந்தப் பிள்ளையிலை விருப்பமில்லாமலில்லை, மிஸ். ஆனால் பாடத்தின்ரை நோக்கம் கருவியாலை நிறைவேறவேணும் எண்டு இருக்கு. போன முறையும் கருவி நிண்டுது. இந்த முறையும் கருவி பிழைச்சிட்டுது. கடைசியிலை வெண்கட்டியைத்தான் எடுத்தவ.”

“போன முறை கருவி நிண்ட உடனை பாடமும் நிண்டது. இண்டைக்கு நிண்டதோ?”

அவர் புள்ளித்தாளைத் தம் பக்கம் இழுத்தார். பிறகு நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தார். “அதோடை, எழுத்துத் தமிழிலைதான் வாக்கியம் சொல்லவேணும் எண்டு முடிவெடுத்தனாங்கள். ‘உவன்’ பேச்சு வழக்கல்லோ? அந்த முடிவுக்கு முழு மூச்சாய் நிண்டது நீங்கள்தானே, மிஸ்?”

நியாயமான கேள்வி. எனக்கு மறுமொழி கையிலேயே இருந்தது. அகரம், இகரம், உகரம் என்று மூன்று சுட்டெழுத்துக்களைப் பழைய இலக்கணம் வகுக்கிறது. மற்ற இடங்களில் உகரச் சுட்டு பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் அதை நாள்தோறும் விளையாட்டிற் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சிறுமியின் வாக்கியம் இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்தியது. எழுத்துத் தமிழுக்கு நான் வைத்த வேலிக்குள்ளேயே அதை நிறுத்தலாம். இவ்வளவையும் அவருக்கு விளக்கினேன். அவர் மிகுந்த கவனத்தோடு கேட்டார்.

அத்துடன் நிறுத்தியிருந்தால் வாதத்தில் வென்றிருப்பேன். என் கொள்கையும் சிராய்ப்பின்றி இருந்திருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. அச்சொல்லுக்கு எந்த இலக்கணச் சான்றும் இல்லாதிருந்து, அது வெறும் ‘வாறன்’ ஆக இருந்திருந்தாலும், பிள்ளை சொல்லாத சொல்லைப் பலகை எழுதி வேறொரு பிள்ளையைக் கள்ளனாக்கிய இடத்தில், அந்த மாணவி செய்ததே செய்யத் தகுந்தது. அதையும் சொன்னேன். சொல்வதற்குச் சற்றுத் தாமதித்தேன் என்பதை விரிவுரையாளர் கவனித்திருப்பார். அதைக் காட்டிக்கொள்ளாத பண்பு அவரிடம் இருந்தது.

“அப்ப ‘கருவியைப் பயன்படுத்தும் திறன்’ எண்ட இடத்திலை என்ன போடுறது?”

“கருவியை எந்த இடத்திலை நம்பக்கூடாது எண்டு தெரிஞ்சுகொள்ளுறதும் அந்தத் திறனுக்குள்ளை வருமோ? அது உங்கடை துறை. நீங்கள்தான் சொல்லவேணும்.”

அவர் அன்று முதன்முறையாகச் சிரித்தார். பேனாவைத் திறந்து, தாம் போட்ட புள்ளியை எனக்குக் காட்டினார். அது நான் போட எண்ணியிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சிறுமி எழுதியபோது ஆசிரிய மாணவி பலகையை மறைத்துக்கொண்டு நின்றதற்காக நான் புள்ளி குறைத்தேன். அதை இன்றும் சரியென்றே கருதுகிறேன். கூட்டிப் பார்த்தபோது, மறுப்புக்கு இடமில்லாத சித்தி; அவள் தேறிவிட்டாள். இருவரும் கையொப்பமிட்டோம்.

“இனி ஒத்திகைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கூப்பிடுவம், மிஸ்,” என்றார் அவர், ஆறிய தேநீரைக் குடித்தபடி. “பெரிய ஆக்களைச் சின்னப்பிள்ளையளாய் இருத்தி ஒண்டும் பிடிபடாது. நீங்களும் வருவியளோ?”

முறையான அழைப்புக் கடிதம் வந்தால் பரிசீலிப்பதாகக் கூறினேன். கடிதம் அடுத்த வாரமே வந்தது. இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அன்று நாங்கள் வாகனத்துக்கு வந்தபோது அந்த மாணவி வாசலிற் காத்து நின்றாள். முடிவைக் கல்லூரி அறிவிக்கும்வரை பரீட்சகர் வாய் திறத்தல் ஆகாது. இது அவளுக்கும் தெரியும்.

“கேக்கக்கூடாது எண்டு தெரியும், மிஸ். நான் கேக்கேல்லை.” சேலைத் தலைப்பை விரலிற் சுற்றிக்கொண்டிருந்தாள். “அம்மா காலமையிலையிருந்து பச்சைத்தண்ணியும் குடியாமல் இருக்கிறா. இப்பவும் போன் எடுத்தவ. என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.”

“சாப்பிடச் சொல்லும்.”

அவள் விரல் நின்றது. “எப்ப, மிஸ்? முடிவு வந்தாப் பிறகோ?”

“ஏன் அதுவரைக்கும்? சோறு ஆறிப்போகும். இப்பவே சொல்லும்.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விரிவுரையாளரைப் பார்த்தாள். அவர் கடலில் ஏதோ மிக முக்கியமானதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பேசியைக் காதில் வைத்தபடி மதிலோரம் ஓடினாள். “அம்மா! அம்மா, சாப்பிடணை!” என்ற குரல் வீதிவரை கேட்டது.

வாகனம் புறப்பட்டபின் விரிவுரையாளர் தொண்டையைச் செருமினார்.

“மிஸ், விதியை மீறிப்போட்டியள் போலை கிடக்கு.”

“ஒரு தாயைச் சாப்பிடச் சொல்லக்கூடாதெண்டு எந்த விதியிலை இருக்கு, தம்பி? எடுத்துக் காட்டும், பாப்பம்,” என்றேன்.